மடலுடன் வரும் பொதியும் அதன் மேற்சீட்டும்

மடல் சொல்லைச் சுமந்து செல்வது. மடலுடன் வைத்தனுப்பும் பொருளோ சொல்லால் சுமக்கவியலாததைச் சுமந்து செல்வது. ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்கள் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். தபால் பை முதலில் தோட்டத்து அலுவலகத்திற்கே வரும். கிராணியார் பிரித்துக் கொடுப்பார். தமிழகத்திலிருந்து வந்த உறையினுள் பிள்ளையின் நிழற்படம் இருக்கும். சிறு தாளில் மடித்த கோயில் திருநீறும் இருக்கும். பொருள் பெரிதாயின் அது பொட்டலமாக வரும். அப்பொட்டலத்தின் மேல், உள்ளிருப்பது இன்னதெனக் குறித்த சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அச்சீட்டைக் கண்டே அஞ்சலகத்தாரும் சுங்கத்தாரும் அதனை அடுத்த கைக்குக் கடத்துவர். சீட்டில்லாப் பொட்டலம் வழியிலேயே தங்கிவிடும்.

இன்று நிலைமை வேறு. வட சிலாங்கூரில், ரவாங்குக்கு வடக்கே, உலு சிலாங்கூர் மாவட்டத்தில் அமைந்த புக்கிட் செந்தோசா, சுற்றுவட்டாரத் தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு உறைவிடமாக விளங்குகின்றது. லயன் வீடுகளில் பிறந்தவர்களின் பிள்ளைகள் அங்கே தாமான் வீடுகளில் வளர்கின்றனர். அவர்களுக்குத் திருமண அழைப்பும், பள்ளிப் பயிற்சித் தாளும், கோயில் திருவிழா அறிக்கையும் மின் மடலின் இணைப்பாகவே வந்து சேர்கின்றன. ஒரு தொடுகையில் அவை திறக்கின்றன. ஆயினும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த தமிழ் இணைப்பு ஒன்றை இன்று திறக்க முற்படுவோர் முன் பொருளற்ற குறிகளின் குவியல் தோன்றுவதும் உண்டு. மடல் வந்து சேர்ந்தது, கோப்பும் கெடவில்லை, எனினும் படிக்க இயலவில்லை. இஃது ஏன் என்னும் வினாவிற்கு விடை, படமோ வண்ணமோ இல்லாத வெறும் எழுத்துத் திரையில் மின் மடல் படிக்கப்பட்ட காலத்தின் வரலாற்றில் உள்ளது.

எழுத்து மட்டுமே சென்ற வழி

கணினி வலை வழியாக ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்கு மடல் அனுப்பும் முறையை 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் செய்து காட்டினார். பெறுநர் பெயரையும் அவர்தம் கணினியின் பெயரையும் பிரிக்க இன்று உலகெங்கும் வழங்கும் சுழிக்குறியைத் தேர்ந்தவரும் அவரே. 1982-இல் இம்மடல்கள் செல்லும் முறை ஒழுங்குபடுத்தப்பட்டு ஆவணமாக வெளியிடப்பட்டது. அவ்விதிகளின்படி மடலில் செல்லத்தக்கவை ஆஸ்கி என்னும் ஏழு பிட் குறிமுறையில் அடங்கிய 128 குறிகள் மட்டுமே. அவற்றுள்ளும் 33 குறிகள் பொறிக்கு ஆணையிடுவன. கண்ணுக்குத் தெரிவன, இடைவெளியையும் சேர்த்து, 95 மட்டுமே. ஆங்கில நெடுங்கணக்கின் பெரிய எழுத்துகளும் சிறிய எழுத்துகளும், பத்து எண்களும், சில நிறுத்தக் குறிகளும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டன. பிற மொழி எழுத்துகளுக்கு அங்கே இடமில்லை.

மடலைப் படித்த கருவியும் அத்தகையதே. முனையம் எனப்பட்ட அக்கருவி ஒரு திரையும் விசைப்பலகையும் கொண்டது. 1978-இல் வெளிவந்து பெயர் பெற்ற வி.டி.100 என்னும் முனையம் ஒரு வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகளைக் காட்டியது. எல்லா எழுத்திற்கும் ஒரே அகலக் கட்டம்; படம் இல்லை; ஒலியும் இல்லை. கணக்கும் மடலும் தொலைவிலுள்ள பெரிய கணினியில் இருக்க, முனையம் அதன் கண்ணாகவும் கையாகவும் மட்டும் இயங்கியது.

இத்தகைய குறுகிய வழியில் படத்தையோ, ஒலியையோ, நிரலையோ எவ்வாறு அனுப்புவது? இவை யாவும் எட்டு பிட் கொண்ட பைட்டுகளால் ஆனவை. ஏழு பிட் வழியில் அவற்றை நேரே விட்டால் ஒவ்வொரு பைட்டிலும் முதல் பிட் உதிர்ந்துபோகும். சேருமிடத்தில் எஞ்சுவது சிதைவே.

கட்டியனுப்பிய காலம்

இதற்கு முதல் வழி 1980-இல் பிறந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் யூயூஎன்கோட் என்னும் நிரலை எழுதினார். மூன்று பைட்டுகளை எடுத்து, அவற்றின் 24 பிட்டுகளை ஆறாறாகப் பிரித்து, நான்கு அச்செழுத்துகளாக மாற்றுவதே அதன் முறை. நிழற்படம் ஒன்று இவ்வாறு மாற்றப்பட்டால், படிக்க இயலாத எழுத்து வரிசைகள் பல நூறு மடலில் நிறையும். பெறுபவர் அம்மடலைக் கோப்பாகச் சேமித்து, எதிர் நிரலை ஏவினால் மூலக் கோப்பு மீண்டும் கிடைக்கும்.

அறிவார்ந்த முறை எனினும் இதில் இரு குறைகள் இருந்தன. முதலாவது, அது பயன்படுத்திய நிறுத்தக் குறிகள் சில, வேறு குறிமுறை கொண்ட பெருங்கணினிகளின் வழியே செல்லுங்கால் மாறிப்போயின. அக்காலப் பல்கலைக்கழக வலைகள் சிலவற்றில் ஆஸ்கிக்கு மாறான எப்சிடிக் என்னும் குறிமுறை வழங்கியமையே காரணம். இரண்டாவது குறையே பெரிது. கட்டின் தொடக்கத்தில் கோப்பின் பெயர் இருந்ததேயன்றி, அது படமா, ஒலியா, எழுத்தா என்று சொல்லும் குறிப்பு இல்லை. பொதி வந்தது, மேற்சீட்டு வரவில்லை. திறப்பவரே ஊகித்தறிதல் வேண்டும்.

மேற்சீட்டு பிறந்தது

இக்குறையை நீக்கியவர்கள் நத்தானியேல் போரன்ஸ்டீன், நெட் ஃபிரீட் ஆகிய இருவர். 1992 ஜூன் திங்களில் அவர்கள் வெளியிட்ட விதித்தொகுப்பு மைம் எனப்படுகின்றது. பல்பயன் இணைய மடல் விரிவாக்கம் என்பது அதன் பொருள். அதற்குச் சில திங்கள் முன்னர், 1992 மார்ச் 11-ஆம் நாள், போரன்ஸ்டீன் அம்முறையில் ஒரு மடலை அனுப்பினார். அதனுடன் சென்றவை அவரும் நண்பர்களும் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் நிழற்படமும் அவர்தம் பாட்டின் ஒலிப்பதிவும் ஆகும்.

மைம் முறையின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. பழைய வழியை அது இடிக்கவில்லை. ஏழு பிட் விதியை மீறவுமில்லை. மடலைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளுக்கிடையே எல்லைக்கோடு இட்டு, ஒவ்வொரு பகுதியின் தலையிலும் இரு செய்திகளை எழுதிவைத்தது. இப்பகுதி எவ்வகைப் பொருள் என்பது ஒன்று. எம்முறையில் கட்டப்பட்டுள்ளது என்பது மற்றொன்று. வகை இரு சொற்களால் அமையும்: எழுத்து எனில் வெற்றெழுத்து, படம் எனில் ஜேபெக் என்றவாறு, முதற்சொல் இனத்தையும் இரண்டாம் சொல் உட்பிரிவையும் குறிக்கும். எழுத்தாயின் அஃது எக்குறிமுறையில் எழுதப்பட்டது என்பதும் அதே வரியில் இடம்பெறும். தமிழுக்கு உயிராக அமைந்தது இக்கடைசிக் குறிப்பே என்பதைப் பின்னர்க் காணலாம்.

கட்டும் முறையாக மைம் மேற்கொண்டது பேஸ்64 ஆகும். மூன்றை நான்காக்கும் கணக்கு முன்னதைப் போன்றதே. ஆயினும் 26 பெரிய எழுத்து, 26 சிறிய எழுத்து, 10 எண், கூட்டற்குறி, சாய்கோடு என எவ்வகைப் பெருங்கணினியின் வழியே சென்றாலும் மாறாத 64 குறிகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். அதுவே பாதுகாப்பிற்குத் தரும் விலை. 'தமிழ்' என்னும் சொல்லைக் கொண்டே இதனை மாணவர்க்கு விளக்கலாம். ஒருங்குறி முறையில் அச்சொல் த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளால் ஆனது. இணையத்தில் இன்று வழங்கும் யூடிஎப்-8 வடிவில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்; ஆக 15 பைட். பேஸ்64 முறையில் அது 20 ஆங்கில எழுத்துகளாக மாறி வழி கடந்து, மறுமுனையில் மீண்டும் 'தமிழ்' ஆகின்றது.

எழுத்துத் திரையில் இணைப்பைத் திறத்தல்

மடல் பகுதிகளாகப் பிரிந்தது; சீட்டும் ஒட்டப்பட்டது. எனினும் எழுத்தை மட்டுமே காட்டவல்ல முனையத்தில் படத்தை எவ்வாறு திறப்பது? 1993-இல் போரன்ஸ்டீன் வெளியிட்ட மற்றொரு விதி இதற்கு விடையளித்தது. மெயில்கேப் என்னும் சிறு கோப்பு அது. அதன் ஒவ்வொரு வரியும் ஒரு வகைப் பொருளையும், அதனைத் திறக்கவல்ல நிரலின் பெயரையும் அரைப்புள்ளியால் பிரித்துக் கூறும். மடல் நிரல் தானே படத்தைக் காட்ட முற்படாது, சீட்டைப் படிக்கும், மெயில்கேப்பில் அவ்வகைக்கு உரியவர் யாரெனத் தேடும், பொதியைத் தற்காலிகக் கோப்பாக்கி அவரிடம் ஒப்படைக்கும். தோட்டத்தில் தமிழ்க் கடிதத்தைத் தமிழ் படித்தவரிடமும், ஆங்கில அறிவிப்பைக் கிராணியாரிடமும் கொண்டு சென்று படிக்கக் கேட்டது போன்ற ஏற்பாடே இது.

அக்காலத்தில் பெயர்பெற்ற முனைய மடல் நிரல்கள் மூன்று. 1986-இல் டேவ் டெய்லர் எழுதியது எல்ம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் தொடங்கி உருவானது பைன்; பிற்காலத்தில் அதன் வழித்தோன்றலாக அல்பைன் வந்தது. 1995-இல் மைக்கேல் எல்கின்சு எழுதியது மட். மடலைத் திறந்து, ஆங்கில எழுத்தான 'வி' விசையை அழுத்தினால் பைனும் மட்டும் இணைப்புகளின் பட்டியலைக் காட்டும். மட் காட்டும் பட்டியலில் பகுதியின் பெயர், வகை, கட்டிய முறை, குறிமுறை, அளவு யாவும் வரிவரியாக நிற்கும். ஒன்றைத் தேர்ந்து நுழைவு விசையை அழுத்தினால் மெயில்கேப்பில் குறித்த நிரல் அதனைத் திறக்கும். 'எஸ்' விசையை அழுத்தினால் கோப்பாகச் சேமிக்கும்.

படம் காட்டும் திரை இருப்பின் தனி நிரல் படத்தைக் காட்டும். எழுத்துத் திரை மட்டுமே உடையோர்க்கும் வழியிருந்தது. வலைப்பக்க வடிவில் வந்த மடலை லிங்க்ஸ் என்னும் நிரல் வெற்றெழுத்தாக்கித் தந்தது. வேர்ட் ஆவணத்தின் சொற்களை ஆண்டிவேர்ட் என்னும் நிரல் பிரித்துத் தந்தது. தொலைபேசி இணைப்பில் இருந்தவர்க்கோ இணைப்பைத் திறப்பது இரு படி வேலையாயிற்று. பெரிய கணினியில் கோப்பைச் சேமித்தல் முதற்படி. கெர்மிட், இசட்மோடம் போன்ற கடத்து முறைகளால் அதனைத் தம் கணினிக்கு இறக்குதல் இரண்டாம் படி. மலேசியாவில் 1987-இல் ரங்கோம் என்னும் கணினி வலை மிமோஸ் நிறுவனத்தால் அமைக்கப்பட்டு, பின்னர் ஜாரிங் என வளர்ந்து, 1992-இல் உலக இணையத்துடன் இணைந்தது. நாட்டில் மின் மடல் வேரூன்றிய அத்தொடக்க ஆண்டுகள் எழுத்துத் திரையின் ஆண்டுகளே.

பொய்ச்சீட்டின் தீங்கு

பெயரைச் சொல்லித் திறக்கும் முறை வழக்கொழிந்து, கண்டவுடன் திறக்கும் முறை பரவியபோது விளைந்ததையும் வரலாறு பதிவு செய்துள்ளது. 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் பிலிப்பைன்சிலிருந்து புறப்பட்ட நச்சு மடல் ஒன்று, சில மணி நேரத்தில் கண்டங்கள் பலவற்றுக்கும் பரவியது. காதல் மடல் என்னும் பெயருடன் வந்த அதன் இணைப்பு வெறும் எழுத்துக் கோப்பு போலத் தோன்றியது. உண்மையில் அதன் பெயருக்கு இறுதியில் மற்றொரு பின்னொட்டு இருந்தது. அது தானே இயங்கும் நிரல் என்பதை அப்பின்னொட்டு காட்டியிருக்கும். ஆனால் விண்டோஸ் கணினிகள் அறிந்த பின்னொட்டுகளை மறைத்துக் காட்டும்படி அமைந்திருந்தமையால், படிப்பவர் கண்ணுக்குப் பொய்ப்பெயர் மட்டுமே புலப்பட்டது. திறந்தவுடன் அது கோப்புகளை அழித்து, முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் தன்னையே அனுப்பியது.

முனைய நிரலில் அம்மடலைக் கண்டவர் முன் முழுப்பெயரும் எழுதப்பட்டிருந்தது. எந்த நிரலிடம் ஒப்படைப்பதென மெயில்கேப்பில் சொல்லப்படாத பொருளை அந்நிரல் இயக்க முற்படவுமில்லை. மெதுவாக நடந்த முறையே காவலாயிற்று. பொதியின் மேற்சீட்டு மெய்யாக இருத்தலும், அதனைத் திறக்குமுன் படித்தலும் வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி புகட்டிய பாடம்.

தமிழ் மடலே இணைப்பாகிய கதை

ஆங்கிலம் எழுதுவோர்க்குப் படமும் ஒலியுமே இணைப்பாயின. தமிழர்க்கோ தாய்மொழியில் எழுதிய மடலே அவ்வாறாயிற்று. 247 எழுத்துகளைக் கொண்ட மொழி, 95 குறிகள் மட்டுமே செல்லும் வழியில் செல்ல வேண்டியிருந்தது. முதலில் தமிழை ஆங்கில எழுத்துகளால் எழுதி அனுப்பினர். பெரிய எழுத்தில் 'எல்' எழுதினால் ளகரம், சிறிய எழுத்தில் எழுதினால் லகரம், 'இசட்' எழுதினால் ழகரம் என்றவாறு உடன்பாடுகள் எழுந்தன. மடல் சென்றது, ஆனால் தமிழ் தன் வடிவை இழந்து சென்றது.

அடுத்து எழுத்துருக்கள் வந்தன. சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலேயே தமிழ் எழுத்துகளை அமர்த்தின. அவ்வெழுத்துரு இல்லாதவர் கண்ணுக்கு மடல் பொருளற்ற ஆங்கிலமாகத் தெரிந்தது. வேறு சில, எட்டாம் பிட்டைப் பயன்படுத்தி மேற்பகுதியின் 128 இருக்கைகளில் தமிழை அமர்த்தின. பழைய வழங்கிகளைக் கடந்தபோது எட்டாம் பிட் உதிர, தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளோடு கலந்து மீளாவண்ணம் சிதைந்தன. இத்தொல்லைக்கு அஞ்சித் தமிழைப் படமாக்கி இணைத்தோரும் உளர். அப்படத்தை மாந்தர் படிக்கலாம். கணினி படிக்க இயலாது. அதில் ஒரு சொல்லைத் தேடவும் இயலாது.

இந்நிலையை மாற்ற உழைத்தோருள் மலேசியத் தமிழரின் பங்கு பெரிது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகனார் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் வந்த அதன் பதிப்பு முரசு அஞ்சல் எனப் பெயர் பெற்றமை, மின் மடலே அதன் நோக்கமாக இருந்ததைக் காட்டும். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை 1995-இல் தொடங்கிய தமிழ்.நெட், பல நாட்டுத் தமிழரை மடல் வழியே ஒன்று சேர்த்தது. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் நடந்த தமிழ்நெட் மாநாடு, ஒரே குறிமுறையின் தேவையை உலகத் தமிழர் முன் வைத்தது. அதன்பின் ஆர்வலர்கள் மடல் வழியாகவே விவாதித்து திஸ்கி என்னும் எட்டு பிட் குறிமுறையை வகுத்தனர். 1999-இல் சென்னை மாநாட்டின் வழியே தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்னும் இரு குறிமுறைகளை அறிவித்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இவ்வரலாற்றின் சிறந்த பயன். நாடுகள் பலவற்றில் வாழ்ந்த தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டெழுதி, மடல் வழி அனுப்பி, பிழை திருத்தித் தொகுத்தனர். ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பலர் சேர்ந்து கட்டிய நூலகம் அது. தொடக்கத்தில் பழைய குறிமுறைகளில் இருந்த அதன் நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. அவ்வாறு மாற்ற முடிந்ததற்குக் காரணம், எந்நூல் எக்குறிமுறையில் உள்ளது என்னும் குறிப்பு ஒவ்வொன்றிலும் தவறாது எழுதப்பட்டிருந்தமையே.

தனியார் மடல்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. திஸ்கியில் எழுதிய மடல்களுள் பெரும்பாலானவை, மேற்கு ஐரோப்பிய எழுத்துக்குரிய குறிமுறையின் பெயரைத் தாங்கியே சென்றன. மடல் நிரல்களுக்குத் திஸ்கி என்னும் பெயர் தெரியாது. தெரிந்த பெயரை ஒட்டி அனுப்பின. பெறுபவர் தம் கையால் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் மடல் தமிழாகும். இல்லையேல் மேலே புள்ளியும் கோடும் இட்ட ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டமாக நிற்கும். மடல் பொய் சொல்லவில்லை. அதன் மேற்சீட்டு பொய் சொல்லிற்று. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், கணினிகளும் மடல் நிரல்களும் அதனைக் கையாளத் தொடங்க மேலும் பத்தாண்டு கடந்தது. தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தன் பயன்பாட்டிற்கு ஏற்றது 2010-இல்.

சீட்டைத் திருத்தும் கை

வட சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழைய பெயரில் எழுதிய மடலும் அவ்வூருக்குச் சேர்தல் கூடும். இரு பெயரும் ஓரூரையே குறிக்கும் என்பதை அஞ்சற்காரர் அறிந்திருந்தால் போதும். பொய்ச்சீட்டு ஒட்டிய தமிழ் மடலுக்கும் இத்தகைய மீட்பு உண்டு. லினக்சு கணினிகளின் அடிப்படை நூலகம் திஸ்கியையும் ஒருங்குறியையும் ஒருங்கே அறியும். ஐகான்வ் என்னும் சிறு கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும்.

1995-இல் பிறந்த மட் நிரல் இன்றும் வழக்கில் உள்ளது. அதில் இதற்கென ஒரு விசையும் உண்டு. இணைப்புப் பட்டியலில் நின்று கண்ட்ரோல் விசையுடன் 'இ' விசையை அழுத்தினால், அப்பகுதியின் வகைக் குறிப்பைப் படிப்பவரே திருத்தலாம். மேற்கு ஐரோப்பியக் குறிமுறை என எழுதியிருப்பதை நீக்கித் திஸ்கி என எழுதியவுடன், குப்பையாகத் தோன்றியது தமிழாகின்றது. முனையத் திரைகள் பலவற்றில் ஒற்றைக்கொம்பு எழுத்தின் முன்னே நில்லாது பின்னே நிற்பதும், அகன்ற எழுத்துகள் கட்டத்தை மீறுவதும் இன்னும் தீராத குறைகளே. எனினும் அங்கிருந்து கோப்பாகச் சேமித்துத் தமிழ் எழுத்துருவுள்ள திரையில் திறந்தால் மடல் முழுமையாகத் துலங்கும். எட்டாம் பிட்டை இழவாது பைட்டுகள் சிதையாமல் இருப்பின், பொருள் அழியவில்லை, பெயர்தான் தவறு. பெயரைத் திருத்தப் பொருள் மீள்கின்றது.

வட சிலாங்கூர்த் தமிழர்க்கு இது வெறும் கணினிச் செய்தியன்று. உலு சிலாங்கூரின் மேரி தோட்டம், நைஜல் கார்ட்னர் தோட்டம், புக்கிட் தாகார், சுங்கை திங்கி போன்ற பெயர்களும், கோல சிலாங்கூரின் தோட்டப் பெயர்கள் பலவும் ஒரு காலத்து வாழ்வின் அடையாளங்கள். பால்மரம் செம்பனையாகியது, செம்பனை வீடமைப்பு நிலமாகியது, மக்கள் பெயர்ந்தனர். தோட்டத்து வாழ்வைப் பதிவு செய்த பள்ளி மலர்கள், கோயில் திருப்பணி அறிக்கைகள், சங்கக் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றை 1990-களிலும் அதற்குப் பின்னும் ஆசிரியர்களே அந்நாளைய எழுத்துருக்களில் தட்டெழுதினர். அச்சகத்திற்கும் நண்பர்க்கும் இணைப்பாக அனுப்பினர். அச்சிட்ட படி கரையானுக்கு இரையாகியிருக்கலாம். லயன் வீடும் இடிக்கப்பட்டிருக்கலாம். பழைய மடற்பெட்டியில் கிடக்கும் அவ்விணைப்பு ஒன்றே எஞ்சிய சான்றாக இருத்தலும் கூடும். திறக்கவில்லை என்று அதனை அழிப்பவர், படிக்கத் தெரியாத ஓலைச்சுவடியை ஆற்றில் விட்டவரையே ஒப்பர்.

ஆதலின் தமிழாசிரியர் செய்யத்தக்கவை சில உள. திறவாத பழைய தமிழ்க் கோப்பை அழியாது அதன் மூல வடிவிலேயே காத்தல் வேண்டும். மீண்டும் சேமிக்க முற்பட்டு அதன் பைட்டுகளை மாற்றுதல் ஆகாது. எழுதிய எழுத்துருவின் பெயர் நினைவில் இருப்பின் அதனை உடனே குறித்து வைத்தல் நன்று. அன்று தட்டெழுதியோர் இன்று முதுமை எய்தியுள்ளனர். அவர் நினைவு மறைந்தபின் அப்பெயரைச் சொல்வார் இலர். மாற்றக் கூடியவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தையும் மாற்றியதையும் ஒருசேர வைத்தல் வேண்டும். புதிதாக அனுப்பும் கோப்புக்கு ஊர், பள்ளி, ஆண்டு, பொருள் விளங்கும் பெயரிடும் பழக்கத்தை மாணவர்க்கு வகுப்பறையிலேயே ஊட்டுதல் வேண்டும். 'ஆவணம் ஒன்று' என்று பெயரிட்ட கோப்பு, சீட்டில்லாப் பொட்டலமே.

குறுகிய வழி பெரிய பொருளைத் தடுக்கவில்லை என்பதை எழுத்துத் திரையின் வரலாறு காட்டுகின்றது. 95 குறிகள் மட்டுமே செல்லும் வழியில் நால்வர் பாட்டும் சென்றது. 247 எழுத்துத் தமிழும் சென்றது. வழியில் தங்கிப்போனவை பெயர் எழுதப்படாதவையும் தவறான பெயர் எழுதப்பட்டவையுமே. உள்ளிருப்பது இன்னதென்று மெய்யாக எழுதி ஒட்டும் பணி சிறிது. ஆயினும், அடுத்த தலைமுறை தன் பாட்டனின் தோட்டத்தைப் பற்றிப் படிக்குமா படிக்காதா என்பதை முடிவு செய்வது அச்சிறு பணியே.